கத்தரி பட்டதெல்லாம் வதையா?

தை மாதம் பாதி கழிவதற்குள் என் மரம் மொட்டையாகிவிடும். மார்கழியிலேயே இலைகளில் பச்சை மங்கி, புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தின் நிறம் ஏறியிருக்கும். அதன்மேல் ஒரு வாரம் குளிர்காற்று அடித்தால் போதும், தட்டைச் சுற்றிலும் பழுப்பு மெத்தை விரித்ததுபோல் இலை கிடக்கும். பெருக்கித் தள்ள மனம் வராமல் இரண்டு நாள் அப்படியே விட்டு வைப்பேன்.

போன வருஷம் அது அப்படி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சேலத்திலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். மரத்தின் முன் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, "மாமா, கடைசில இத கொன்னுட்டீங்களா?" என்றான். "காட்டுல நூறடிக்கு மேல வளர வேண்டிய மரம். வேர வெட்டி, கம்பியச் சுத்தி, முழ நீளத் தட்டுல அடச்சு வச்சிருக்கீங்க. உங்கள ஒருத்தர் இப்படி வச்சிருந்தா எப்படி இருக்கும்?"

குரலில் குத்தல் இல்லை. கல்லூரியில் மரம் நடும் குழுவில் முன்னால் நிற்கிற பையன். மரத்தின் மேல் உண்மையான அன்பு உள்ளவன். அதனால்தான் அவனுக்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை. அவன் கேட்டது அவன் ஒருவனின் கேள்வியும் அல்ல. போன்சாய் என்ற சொல்லைக் கேட்டாலே 'பாவம்' என்று முகம் சுருங்குவது நம் ஊரில் ஏறக்குறையப் பொது வழக்கமாகிவிட்டது. வளர்ச்சி தடுக்கப்பட்ட பெண்ணை, பேசவிடாத குழந்தையை, அடக்கப்பட்ட எதையும் சொல்ல வேண்டுமானால் கவிதை எழுதுகிறவர்கள் கை நீட்டுவது போன்சாய்த் தொட்டியைத்தான். இப்படியே சொல்லிச் சொல்லி, உவமை இன்று தீர்ப்பாகவே ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பு தவறானது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அந்த மொட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மரம் சாகவில்லை. நான் மொட்டையாக்கவும் இல்லை. அது பால்ட் சைப்ரஸ். அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்பு நிலங்களுக்குச் சொந்தமான மரம், லூசியானா மாநிலத்தின் மாநில மரம். பைன், தேவதாரு வகையறாவைச் சேர்ந்ததாக இருந்தும், அந்தக் குடும்பத்தில் பலர் செய்யாத ஒன்றை இது செய்கிறது. வருஷம் ஒருமுறை இலையை முழுக்க உதிர்க்கிறது. 'வழுக்கை' என்ற அடைமொழியே அதனால் வந்ததுதான். மாசியில் துளிர்க்கும்போது இருபுறமும் வரிசையாக, தட்டையாக, மெத்தென்று இலை வரும். எங்கள் ஊர்ச் சானமாவில் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் "நெல்லியா சார்?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தவறே இல்லை, பார்வைக்கு அச்சாக நெல்லி இலைதான்.

என் மரம் இரண்டே கால் அடி உயரம். தூர் மட்டும் சொம்பின் வயிறுபோல் பருத்து, கீழே வேர்கள் விரல்களாகப் பிரிந்து மண்ணைப் பிடித்திருக்கும். கோடையில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் மூன்று விரல்கடைத் தண்ணீர் நிறுத்தி, தட்டோடு அதில் வைத்துவிடுவேன். சதுப்பில் நிற்கிற மரத்துக்கு வேர் நனைந்தே இருப்பது பிடிக்கும்.

இனி வதைக்கு வருவோம். வெட்டுவது வதை என்கிறார்கள். நான் இருக்கும் ஊரைச் சுற்றிப் பாருங்கள். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் காப்புக்காட்டை ஒட்டியது சானமாவு. இந்த வட்டாரம் முழுக்கப் பாலிஹவுஸ். உள்ளே ரோஜா. காதலர் தினத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரவு பகலாக வேலை நடக்கும். அந்த ரோஜாச் செடியில் வேலை பார்க்கிற பெண்களைக் கேளுங்கள், 'பெண்டிங்' என்றால் என்னவென்று சொல்வார்கள். ஒல்லியாக வரும் தண்டுகளைத் தூருக்குச் சற்று மேலே பிடித்து, முறியாமல் நெரித்து, பாத்திக்குக் கீழே மடக்கிவிடுவார்கள். மடங்கிய தண்டின் இலைகள் செடிக்குச் சோறு சமைத்துக்கொண்டே இருக்கும். தூரிலிருந்து கைவிரல் பருமனில் புதுத் தண்டு நெட்டுக்குத்தாக எழும், அதன் நுனியில்தான் ஏற்றுமதிப் பூ. பூவை நீள் தண்டோடு வெட்டுவார்கள். மறுபடி எழும். மறுபடி வெட்டுவார்கள். அதைக் கையில் வாங்கி, முகர்ந்து, பிரியமானவருக்குக் கொடுக்கிற யாரும் 'ஐயோ வதை' என்று சொன்னதில்லை.

பட்டுப்புழுவுக்கு மல்பெரி போட்டிருக்கிற விவசாயி, தண்ணீர் வசதி இருந்தால் வருஷத்துக்கு ஐந்து முறை செடியை அடியோடு அறுக்கிறார். விட்டால் அது மரமாகி நிழல் தரும். நீலகிரித் தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேயிலை இயல்பில் செடி கிடையாது. தன்போக்கில் விட்டால் முப்பது நாற்பது அடி வளரக்கூடிய மரம். இடுப்பளவுக்குமேல் ஏறவிடாமல் நூறு வருஷமாகக் கொழுந்து கிள்ளி, நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்து, மலை மலையாகக் குள்ளமாக்கி நிறுத்தியிருக்கிறோம். உலகிலேயே மிகப் பெரிய போன்சாய்க் காடு அதுதான் என்பேன். புதுமணத் தம்பதிகள் அதன் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும் என்று சொன்னதும் நம் பாட்டிமார்தான். (பிள்ளையை அடிச்சு வளர்க்கணும் என்று அதோடு சேர்த்துச் சொன்ன மறுபாதியை நான் ஏற்கவில்லை. பிள்ளைக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறந்ததால் வந்த பிழை அது. அதே மறதிதான் போன்சாயைக் 'கைதி' என்றும் பேசவைக்கிறது.)

பயனுக்காக வெட்டலாம், அழகுக்காக வெட்டக்கூடாது என்று இந்த இடத்தில் ஒரு பதில் வரும். ரோஜா எந்தப் பசியை ஆற்றுகிறது என்று நான் கேட்கத் தேவையில்லை. வலி என்ற ஒன்று இருக்குமானால் அது வெட்டுகிறவனின் நோக்கத்தைப் பார்த்துக் கூடவோ குறையவோ செய்யாது. ஆகவே கேள்வியை நேராகவே வைத்துக்கொள்வோம். மரத்துக்கு வலிக்கிறதா?

ஜகதீஷ் சந்திர போஸ் அதை நிரூபித்துவிட்டார் என்று சொல்லாதவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். போஸ் உண்மையில் செய்தது என்ன? தாவரத்தைத் தூண்டினால் அதில் மின்சாரத் துலங்கல் எழுவதை, நுட்பமான கருவிகள் செய்து அளந்து காட்டினார். மகத்தான வேலை. ஆனால் 1902இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பையே கவனியுங்கள்: உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் துலங்கல். தசையில், செடியில் கண்ட அதே மாதிரியான துலங்கலைத் தகரம் முதலிய உலோகங்களிலும் அவர் அளந்து வரைந்து காட்டியிருக்கிறார். துலங்கல் எல்லாம் வலி என்று எடுத்துக்கொண்டால், தகரக் கூரையில் ஆணி அடிப்பவரும் குற்றவாளிதான். போஸை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவர் கண்டதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்கிறது. தொடு உணர்வு உண்டு என்பது அதன் பொருள். இதில் எனக்கு மறுப்பே இல்லை. மரம் உணர்கிறது. காற்றை, நிழலை, ஆட்டின் பல்லை, என் கத்தரியை, எல்லாவற்றையும் உணர்கிறது. உணர்ந்து என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நுனியில் இருக்கும் மொட்டு, கீழே உள்ள மொட்டுகளை உறங்கவைக்கும் ஒரு சுரப்பை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நுனி போனால் அந்தத் தடை போகிறது. உறங்கிக் கிடந்தவை விழிக்கின்றன. ஒரு கிளை இருந்த இடத்தில் நான்கு சிம்பு எழுகிறது. மரம் இந்த ஏற்பாட்டை நம் கத்தரிக்காகச் செய்து வைக்கவில்லை. புயலுக்கும் மின்னலுக்கும் மேய்ச்சலுக்கும் பதிலாக, மனிதன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்பே செய்துகொண்டது. வெட்டுக்காயத்தை மரம் எப்படிக் கையாள்கிறது என்று வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்தவர் அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷிகோ. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுவரெழுப்பி ஒதுக்கிவிட்டுப் புது மரக்கட்டையால் மேலே மூடி வளர்கிறது என்று அவர் காட்டினார். நமக்குத் தோல் கூடுவது வேறு, மரத்துக்குப் பட்டை கூடுவது வேறு. நம் உடம்பை மரத்தின் மேல் போர்த்தி அழுவது அன்பாக இருக்கலாம். அதனால் மரத்தைப் புரிந்துகொண்டதாகாது.

ஊசியிலை மரங்களில் பல, பழைய கட்டையில் வெட்டினால் துளிர்க்காது. பைனை வெட்டியவர்களுக்குத் தெரியும், இலையில்லாத இடத்தில் வெட்டினால் அந்தக் கிளை போனது போனதுதான். பால்ட் சைப்ரஸ் அப்படிப்பட்டதல்ல. நெஞ்சுயரத் தண்டை முழங்கால் உயரத்தில் ரம்பம் போட்டு அறுத்தாலும், மூன்று வாரத்தில் மொட்டைத் தண்டு முழுக்கக் கடுகு தெளித்ததுபோல் பச்சைப் புள்ளிகள் வெடிக்கும். என் மரத்தை நான் அப்படித்தான் அறுத்தேன். அறுத்த அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் காலை முதல் புள்ளியைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை இன்றும் சொல்லில் கொண்டுவரத் தெரியவில்லை.

வேருக்கு வருவோம், ஏனென்றால் 'வேரை அறுத்துப் பட்டினி போடுகிறார்கள்' என்ற குற்றச்சாட்டுத்தான் எல்லாவற்றிலும் கனமானது. இதற்கு என்னிடம் இருப்பது ஒரு கதை. 2009இல் பெங்களூரில் ஒரு நர்சரியில் மூன்று கன்றுகள் வாங்கினேன். மூன்றும் ஒரே அளவு, கவரில் முழங்கால் உயரம். ஒன்றை உத்தனப்பள்ளிப் பக்கம் நண்பர் ஒருவரின் நிலத்தில், கிணற்று வாய்க்கால் ஓரமாக மண்ணில் நட்டோம். மற்றொன்றை ஒரு நிறுவனத்தின் வளாகத்தில் மரம் நடுவிழாவுக்குக் கேட்டார்கள் என்று கொடுத்தேன். மூன்றாவது என்னிடம் தங்கியது.

வளாகத்துக் கன்று இரண்டு வருஷம் கழித்தும் அதே முழங்கால் உயரத்தில், இலை வெளுத்து நின்றது. பிறகு காய்ந்தது. பிடுங்கிப் பார்த்தேன். விழாவுக்கு வந்தவர்கள் கவரைப் பாதி கிழித்து அப்படியே குழியில் இறக்கியிருக்கிறார்கள். வேர்கள் கவரின் வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி, பழைய சும்மாடுபோல் இறுகி, தன்னையே நெரித்துக்கொண்டிருந்தன. ஒரு வேர்கூட வெளி மண்ணைத் தொடவில்லை. வேரை அறுக்காததால் செத்த மரம் அது. நடுகிற அன்று யாராவது ஒருவர் கத்தியை எடுத்து நான்கு பக்கமும் கீறிவிட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

என்னுடையதற்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, மாசி பிறக்கும்போது, மொட்டு உப்புவதற்கு முன்னால் வேர் வெட்டு. தட்டிலிருந்து தூக்கினால் வேர்கள் தென்னைநார் மிதியடிபோல் பின்னிக் கிடக்கும். மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்து மெல்லச் சிக்கெடுக்க வேண்டும், எண்ணெய் தேய்த்த பெண் குழந்தையின் தலையைச் சிக்கெடுப்பதுபோல. ஒன்றரை மணி நேரம் ஆகும். மழையில் ஊறிய ஏரிக்கரையின் வாசம் வரும். தடித்த வேர்களில் கீழ்நோக்கிப் போவதை வெட்டுவேன், சல்லிவேரை விடுவேன். மூன்றில் ஒரு பங்கு போகும். சலித்த செங்கல் தூள், சரளை, கொஞ்சம் மக்கு கலந்து புது மண் நிரப்பி, காற்றிடுக்கு இல்லாமல் குச்சியால் குத்திவிட்டு, தண்ணீர். வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை நுனியோடு புது வேர் கிளம்பும். கிழட்டு வேர் போய் இளம் வேர் வருகிறது. பட்டினி என்பது உணவு கிடைக்காத நிலை. இந்த மரத்துக்கு நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். இந்த வட்டாரத்தில் எந்த வேப்ப மரத்துக்கும் புங்க மரத்துக்கும் இந்தக் கவனிப்புக் கிடைத்ததில்லை.

பட்டினியாலோ நோயாலோ குள்ளமான மரத்தை ஒரு பார்வையில் அடையாளம் சொல்லிவிடலாம். நான் ஒருமுறை போர்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். இங்கே போர்த் தண்ணீர் வாளியில் வெள்ளையாய் உப்புப் படியவிடும். இரண்டே மாதத்தில் இலை எலுமிச்சை மஞ்சளாகிவிட்டது. காரத்தன்மை கூடிய நீரில் இந்த மரத்தால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மாடியில் மழைநீர் பிடித்து ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் பச்சை திரும்பியது. தட்டில் இருக்கும் மரத்தால் எதையும் மறைக்க முடியாது. ஒரு நாள் தண்ணீர் மறந்தால் மறுநாள் காட்டிவிடும். வள்ளலாரின் பெயரைச் சொல்லி என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. பயிரின் வாட்டத்துக்கு அவர் உருகினார் என்றால், வாட்டத்தைப் பார்க்கும்படி பயிரின் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். நாளுக்கு இரண்டு முறை மண்ணில் விரல் விட்டு ஈரம் பார்க்கிறவனை அவர் எந்தப் பக்கம் நிறுத்தியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம் இல்லை.

மண்ணில் நட்ட முதல் கன்றை இன்னும் சொல்லவில்லை. 'விடுதலை' பெற்ற மரம் அது. எட்டு வருஷத்தில் ஓட்டு வீட்டின் இரண்டு மடங்கு உயரத்துக்குப் போனது. தூரின் அருகே வாய்க்கால் ஈரத்தில் முழங்கால் முட்டிபோல் வேரிலிருந்து இரண்டு புடைப்புகள் மண்ணுக்கு மேலே கிளம்பியிருந்தன. சதுப்பில் நிற்கும் சைப்ரஸுக்கு உரிய அடையாளம் அது. எதற்காக அந்த முட்டிகள் என்று அறிவியலாளர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அந்த இரண்டு முட்டிகளைத் தொட்டுப் பார்க்கவே மாதம் ஒருமுறை போவேன். நண்பர் நிலத்தை விற்றார். பிளாட் போட வாங்கியவர்கள் ஒரு காலைப்பொழுதில் ஜேசிபி வைத்து வாய்க்காலை மூடினார்கள். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது மரம் வேர் மேலாகக் கிடந்தது. முட்டிகள் இருந்த இடத்தில் செம்மண் சமமாக இருந்தது.

மூன்றில் இன்று உயிரோடு இருப்பது தட்டில் உள்ள ஒன்றுதான். இதை வைத்து மரங்கள் எல்லாம் தட்டுக்குள் வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மண்ணில் நின்ற அந்த மரத்தைப்போல ஆயிரம் வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் 'மண்ணில் நின்றால் சுதந்திரம், தட்டில் நின்றால் சிறை' என்ற கணக்கை இனி யாரும் என்னிடம் போட வேண்டாம்.

தட்டுக்கு வெளியேயும் இயற்கை மரங்களைக் குறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. புளோரிடாவின் எவர்கிளேட்ஸில் சுண்ணாம்புப் பாறைமேல் அரையடி மண்ணில் நிற்கும் குட்டைச் சைப்ரஸ் காடு இருக்கிறது. நூறு வயதைக் கடந்தும் ஆள் உயரத்தைச் சற்றே தாண்டிய மரங்கள். அங்கே யாரும் கத்தரி பிடிக்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பாறைக் குன்றுகளில் ஏறுங்கள். வெடிப்பில் விழுந்த கல்லிச்சி, கை பருமன் தண்டோடு இரண்டடி உயரத்தில், வேரை மட்டும் பாறையின் மேல் பத்தடிக்கு வழியவிட்டுக்கொண்டு நிற்கும். மேய்ச்சல் நிலத்தில் ஆடு கடித்துக் கடித்துக் குடைபோல் ஆன களாச்செடியைப் பாருங்கள், தூர் கிழவனின் தூராக இருக்கும். போன்சாய் செய்கிறவன் அந்தப் பாறையிடமும் ஆட்டிடமும் பாடம் கேட்டவன். ஒரே வேறுபாடு, பாறை தண்ணீர் ஊற்றாது.

வாஸ்து சொல்கிறவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. வீட்டில் போன்சாய் இருந்தால் குடும்ப வளர்ச்சி குன்றும் என்று டிவியில் சொல்கிறார்கள். இங்கிருந்து பேருந்து ஏறினால் ஒரே நாளில் போய்வந்துவிடக்கூடிய மைசூருவில், அவதூத தத்த பீடத்தில், நூற்றுக்கணக்கான போன்சாய் மரங்களோடு கிஷ்கிந்தா மூலிகா தோட்டம் இருக்கிறது. 2016 டிசம்பரில் சர்வதேச போன்சாய் மாநாடே அங்கே நடந்தது. ஒரு ஆன்மிக பீடத்தின் நடுவில் இருக்கக்கூடிய மரம் உங்கள் மொட்டை மாடியிலும் இருக்கலாம்.

அயல்நாட்டுச் சதுப்பு மரத்துக்கு ஆயிரம் அடி ஆழத்தில் தண்ணீர் தேடும் ஊரில் என்ன வேலை என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். நியாயமான கேள்வி. என் மரம் சித்திரை வெயிலில் குடிப்பது நாளுக்கு ஒரு வாளிக்குள், அதுவும் முடிந்தவரை மழைநீர். விதை விழுந்து காட்டுக்குள் பரவவும் வழியில்லை. இதே மண்ணில் ஏக்கர் கணக்கில் நிற்கும் யூகலிப்டஸை மறந்துவிட்டு இந்த ஒரு தட்டைக் கணக்குக் கேட்பது சரியல்ல. ஆனாலும் புதிதாகத் தொடங்குகிற இளைஞர்களிடம் ஆலும் இச்சியும் புளியும் களாவும் வைத்துத் தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எதிர்த்தரப்பு கோபப்பட வேண்டிய இடங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றை நானே சொல்கிறேன். காட்டுப் பாறையில் நூறு வருஷம் நின்ற இச்சியைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து வந்து விற்பது திருட்டு. அதில் பத்துக்கு எத்தனை பிழைக்கும் என்று பெயர்ப்பவனுக்கே கவலையில்லை. கிழங்குபோல் தூர் வைத்த ஃபைகஸ் செடியின் மண்மேல் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி, தண்ணீர்கூட உள்ளே இறங்காமல் செய்து, தீபாவளிக்கு அலுவலகப் பரிசாகக் கொடுக்கிறார்கள். ஏசி அறையில் சன்னலுக்கு எட்டாத மேசையில் அது மூன்று மாதத்தில் சாகிறது. கம்பி கட்டிவிட்டு மறந்துபோவது இன்னொன்று. சைப்ரஸ் தண்டு மழைக்காலத்தில் சட்டென்று பருக்கும். ஆறு வாரத்துக்குள் பார்த்துக் கம்பியை வெட்டி எடுக்காவிட்டால் பட்டைக்குள் புதைந்துவிடும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு ஐப்பசியில் நான் அப்படி விட்டிருக்கிறேன். என் மரத்தின் இடது மூன்றாவது கிளையில் அந்தத் திருகுத் தழும்பு இன்றும் இருக்கிறது. வதை என்ற சொல்லை இந்த அலட்சியத்துக்கு வையுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். அலட்சியத்தின் பழியைக் கலையின் தலையில் கட்டாதீர்கள்.

இந்த மரத்தைப் போன்சாயாக வளர்ப்பதில் ஒரு தனி வடிவம் உண்டு. தண்டு நேராக எழும். கீழ்க்கிளைகள் ஒன்றும் இருக்காது. உச்சியில் மட்டும் கிளைகள் அகன்று, தட்டையாக, ஆற்றங்கரையில் யாரோ குடையை விரித்து நிறுத்தியதுபோல் நிற்கும். தட்டை உச்சி என்பார்கள். நியூ ஆர்லியன்ஸ்காரர் வான் பான்டிங் உருவாக்கிய வடிவம். அவர் அதை ஜப்பானியப் புத்தகத்தில் பார்த்துச் செய்யவில்லை. தன் ஊர்ச் சதுப்பில் படகில் போனால் தெரிகிற கிழட்டுச் சைப்ரஸ்கள் அப்படித்தான் இருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் சூறாவளியும் மின்னலும் நுனியை முறித்து முறித்துத் தட்டையாக்கிய உச்சிகள்.

அப்படி நின்றவை மீதமானவை. 1880களிலிருந்து 1930கள் வரை லூசியானாவின் ஆதிச் சைப்ரஸ் காடுகளை ஏறக்குறைய முழுக்க அறுத்துத் தீர்த்தார்கள். நீரில் அழுகாத கட்டை என்பதால் படகுக்கும் கூரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போனது. அந்த மரத்தின் ஆயுள் எவ்வளவு என்று தெரிந்தால் நெஞ்சு அடைக்கும். வட கரோலினாவின் பிளாக் ரிவர் ஓரத்தில் ஒரு சைப்ரஸின் வளையங்களை டேவிட் ஸ்டேல் குழுவினர் எண்ணி 2019இல் வெளியிட்டார்கள். அந்த மரத்துக்குக் குறைந்தது 2,624 வயது. புளோரிடாவில் 'செனட்டர்' என்று பெயரிட்டு, மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று மதித்துப் போற்றிய சைப்ரஸ் ஒன்று, 2012 ஜனவரியில், உட்பொந்தில் ஒரு பெண் வைத்த தீயில் எரிந்து விழுந்தது. இவ்வளவும் நடந்த நாட்டில், பெரியதில் அநேகமும் போன பிறகு, அந்த உச்சியின் வடிவத்தை ஒருவர் தட்டில் நிறுத்தி வைத்தார். அதைப் பார்த்து ஊரார் தங்கள் சதுப்பு எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது. இதை நான் வதை என்று எப்படிச் சொல்வேன்?

1625இலிருந்து தட்டில் வளர்ந்துவரும் ஒரு வெள்ளைப் பைன் ஹிரோஷிமாவின் யமாகி குடும்பத்திடம் இருந்தது. 1945 ஆகஸ்டில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில், தோட்டத்துச் சுவரின் மறைவில் அது பிழைத்தது. 1976இல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்கே பரிசாக அளித்தார். அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது 2001இல் அவருடைய பேரன்கள் வந்து பார்த்தபோதுதான் அங்கே தெரியவந்தது. இன்றும் வாஷிங்டனில் உயிரோடு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒருவர் விடாமல் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒழிய அது நடந்திராது. நானூறு வருஷம் மனிதர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காத்த உயிரைச் சித்திரவதைக்கு உள்ளானது என்று சொல்கிறவர், அந்தச் சொல்லின் கனத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது வேறு இடத்தில். ராகி கதிர் முற்றும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டுக்கு வந்து தங்கும். நூற்றாண்டுகளாக நடந்த வழி. இன்று அந்த வழியில் சாலை, ஆலை, பிளாட், மின்வேலி. பட்டாசு வெடித்து, டார்ச் அடித்து, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் விரட்டுகிறார்கள். அடைபட்ட உயிர் எது என்று தேடுகிறவருக்கு என் மாடிப்படி ஏறும் வேலை இல்லை, எங்கள் ஊர்ச் சாலையில் இரவு பத்து மணிக்கு நின்றால் போதும். ஓசூரைச் சுற்றிச் சாலைகளை அகலப்படுத்தும்போதெல்லாம் விழும் புளிய மரங்களின் வளையத்தை எண்ண யாரும் வருவதில்லை. அதே காட்டில் யானை கிளையை முறித்துத் தின்றுவிட்டுப் போகிறது. மரம் துளிர்க்கிறது. அதை யாரும் வதை என்று சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. யானைக்கும் மரத்துக்கும் இருக்கிற கொடுக்கல் வாங்கல் அது. எனக்கும் என் மரத்துக்கும் இருப்பது அதில் ஒரு சிறு துளி.

அக்கா மகனிடம் இவ்வளவையும் அன்று சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துத் தண்டின் மேல் வைத்து, நகத்தால் பட்டையை லேசாகக் கீறச் சொன்னேன். உள்ளே பச்சை தெரிந்தது. "உயிரு இருக்கு மாமா" என்றான். மாசிக் கடைசியில் துளிர்த்த படத்தை அனுப்பினேன். 'சரி, ஆனா இன்னும் ஒத்துக்கல' என்று பதில் போட்டான்.

ஆவணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். உச்சியின் வலதுபக்கம் ஒரு சிம்பு மற்றவற்றை அமுக்கிக்கொண்டு மேலே போகிறது. அதை நான் வெட்டவில்லை. கத்தரிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அவன் கையாலேயே வெட்டட்டும். வெட்டிவிட்டு அன்றைக்கே ஊருக்குப் போய்விடாமல், மூன்று வாரம் கழித்து இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும் என்பதுதான் நான் அவனுக்குப் போட்டிருக்கும் ஒரே நிபந்தனை.